தகடு கூரையும் கட்டரும்: சுற்றுச்சூழலுக்கு உகந்ததைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் மொட்டை மாடி ஷீட்டில் பாதி பறந்துவிட்டது. மீதிப் பாதியைக் கழற்றிப் பார்த்தால், புயல் வராமல் இருந்திருந்தாலும் அது இன்னும் ஓர் ஆண்டு தாங்கியிருக்காது. ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம் துரு, ஓரங்களில் ஓட்டை. கூரை ஓரத்தில் வழியும் மழைநீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் கட்டரின் அடிப்பாகம் சல்லடையாகியிருந்தது. போட்டு ஐந்து வருடம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம்.

900 சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ 370 கிலோ எஃகு பிடிக்கும். ஊதுலையில் ஒரு டன் எஃகு செய்ய இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. அப்படியென்றால் நம் வீட்டுக் கூரை ஒன்றுக்கு மட்டும் முக்கால் டன்னுக்குக் குறையாது. அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கும் 25 வருடம் வைத்திருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அன்றிலிருந்து, கூரை விஷயத்தில் யாராவது 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்றால், 'எத்தனை வருடம் தாங்கும்?' என்றுதான் முதலில் கேட்கிறேன். இரண்டாவது கேள்வி, 'அதில் விழும் மழை எங்கே போகும்?' இந்த இரண்டுக்கும் பதில் தேடியபோது கற்றுக்கொண்டதைப் புதிதாகக் கூரை போடப் போகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: புதுக் கூரை தேவைதானா?

ஓட்டு வீடாக இருந்து, ஓடு நன்றாகவே இருந்தால், பூச்சி அரித்த ரீப்பரையும் சட்டத்தையும் மட்டும் மாற்றிவிட்டு அதே ஓட்டைத் திரும்ப அடுக்குங்கள். ஏற்கெனவே சுட்டு வைத்த ஓட்டைவிடப் பசுமையான கூரையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கான்கிரீட் வீட்டில் மேல் அறை வெயிலில் வேகிறது என்பது மட்டும்தான் பிரச்சினையா? மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து ஒரு கோடையைக் கடந்து பாருங்கள். செலவு மிகக் குறைவு. மாடியில் துணி காயப்போட வேண்டும், உட்கார இடம் வேண்டும், மழைநீரைச் சுத்தமாகப் பிடிக்க வேண்டும், தளத்தில் ஒழுகல் இருக்கிறது என்று நிஜமான காரணங்கள் இருந்தால் மட்டும் ஷீட் கூரைக்கு வாருங்கள். மாடிக் கொட்டகைக்கு அனுமதி தேவையா என்பதை உங்கள் ஊராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

படி 2: எந்தத் தகடு?

கடைக்குப் போனால் 'கலர் ஷீட்' என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் காட்டுவார்கள். வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஜி.ஐ. ஷீட் என்பது துத்தநாகம் பூசிய எஃகு. எவ்வளவு பூச்சு என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று, இரண்டு பக்கமும் சேர்த்துச் சொல்வார்கள். மலிவான ஷீட்டில் 120 கிராம் இருக்கும். அதாவது ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் துத்தநாகம் ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்ரான் வரை கரையும். அலையடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதைவிடவும் அதிகம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். எங்கள் பழைய ஷீட்டின் கதை இதுதான். 275 கிராம் பூச்சு உள்ள ஜி.ஐ. என்றால் உள்மாவட்டங்களில் நன்றாகவே உழைக்கும்.

கால்வால்யூம் என்பது 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் கலந்த பூச்சு. அலுமினியம் மழையையும் காற்றையும் தடுக்கிறது. வெட்டுப்பட்ட விளிம்பைத் துத்தநாகம் காக்கிறது. அதனால் அதே எடைப் பூச்சில் ஜி.ஐ.யைவிடப் பல மடங்கு ஆயுள். 'ஏ.இசட். 150' என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று அர்த்தம். ஏ.இசட். 70, ஏ.இசட். 100 என்றும் விற்கிறார்கள். விலை குறைகிறதே என்று அதில் இறங்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது ஏ.இசட். 150 பூச்சின் மேல் வண்ணம் ஏற்றிய ஷீட்தான். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஐ.எஸ். 15965 என்று எண், வண்ணமில்லாததற்கு ஐ.எஸ். 15961. ஷீட்டின் அடிப்பக்கம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈரச் சிமென்ட் பட்டால் கால்வால்யூம் பூச்சு அரிக்கும், அலுமினியமும் அப்படித்தான். சுவரோடு ஷீட் சேரும் இடத்தில் கலவையை அள்ளி அப்பும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதைச் செய்ய விடாதீர்கள். அங்கே ஃபிளாஷிங் எனப்படும், இடைவெளியை மூடும் மடக்குத் தகடு வைத்துத்தான் மூட வேண்டும்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தால் அலுமினிய ஷீட்டை யோசிக்கலாம். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், செந்துரு என்ற பேச்சே கிடையாது. ஆனால் புதிய அலுமினியம் செய்ய ஏகப்பட்ட மின்சாரம் தேவை: ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14 யூனிட். மறுசுழற்சி அலுமினியத்துக்கு முதன்மை உலோகத்துக்கான ஆற்றலில் 5 சதவீதம் அளவே போதும். எனவே வாங்கும்போது மறுசுழற்சிப் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். கடலோரத்தில் எஃகுதான் என்று முடிவு செய்தால் உத்தரவாதத் தாளைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் செல்லாது என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு.

'பசுமை' முத்திரைகளில் எதை நம்பலாம்? இந்தியத் தொழிற் கூட்டமைப்பு வழங்கும் கிரீன்புரோ சான்றிதழ் ஒன்று இருக்கிறது. எஃகுக்கு இன்னொன்றும் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கான வரையறையை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன் கரியமில வாயுவுக்குக் குறைவாக இருந்தால்தான் பசுமை எஃகு, 1.6 டன்னுக்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். வெறுமனே பச்சை இலைப் படம் போட்ட விளம்பரத் தாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 3: தடிமனை எடை போட்டுப் பாருங்கள்

இது நிஜமாகவே எடை போடும் வேலை. 0.50 மி.மீ. என்று ஷீட்டில் அச்சிட்டிருக்கும். அது வெறும் எஃகின் தடிமனா, பூச்சோடு சேர்த்தா, வண்ணத்தையும் சேர்த்தா என்று கேட்டால் மூன்று கடையில் மூன்று பதில் வரும். வலிமை தருவது எஃகு மட்டும்தான்.

பெரும்பாலான ஷீட்டுகள் 4 அடி அகலச் சுருளிலிருந்து வருகின்றன. 10 அடி நீள ஷீட் ஒன்றில் எஃகு மட்டும் 0.45 மி.மீ. இருந்தால் எடை 13½ முதல் 14 கிலோ வர வேண்டும். தராசில் 11 கிலோதான் காட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது 0.35 மி.மீ. எஃகு. மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் கவலையில்லை, தராசு பொய் சொல்லாது. லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஷீட்டையாவது எடை போடச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

படி 4: நிறமும் வெப்பமும்

கரும்பச்சை, செங்கல் சிவப்பு, அடர் நீலம் என்று தெருவெல்லாம் பார்க்கிறோம். அழகுதான், ஆனால் சித்திரை வெயிலில் அடர் நிறத் தகடு உறிஞ்சும் வெப்பம் கீழே இருப்பவர் தலையில்தான் இறங்கும். வெள்ளை, சந்தன நிறம், இளஞ்சாம்பல் மூன்றில் ஒன்றை எடுங்கள். 'சோலார் ரிஃப்ளெக்டன்ஸ் இன்டெக்ஸ்' என்று தொழில்நுட்பத் தாளில் ஓர் எண் இருக்கும். அது கூடக் கூட வெயிலில் கூரை சூடாவது குறையும். நல்ல வெள்ளையில் 80க்கு மேல் இருக்கும்; அடர் நிறங்களில் அதில் பாதிகூட வராது. வண்ணமில்லாத கால்வால்யூம் வெயிலை நன்றாகவே திருப்பி அனுப்பும். ஆனால் உள்வாங்கிய சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளை வண்ணமே மேல்.

வண்ணத்திலும் தரம் உண்டு. சாதாரண பாலியெஸ்டர் நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெளுத்து மாவு மாவாக உதிரும். சூப்பர் டியூரபிள் பாலியெஸ்டர் அடுத்த படி. பி.வி.டி.எஃப். அதற்கும் மேலே, விலையும் மேலே. வீட்டுக்கு இந்த மூன்றில் நடுத்தரமான சூப்பர் டியூரபிளே போதும்.

கூரைக்குக் கீழே குடியிருக்கப் போகிறீர்களா, வெறும் திறந்த மாடியா என்பதைப் பொறுத்துத்தான் வெப்பத் தடுப்பு. திறந்த மாடி என்றால் பக்கங்களை அடைக்காதீர்கள், காற்று ஓடட்டும். ஷீட்டுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓடினாலே கீழ் அறையின் சூடு தெரியும்படி குறையும். அறையாகவே கட்டுகிறீர்கள் என்றால் ஷீட்டுக்கு அடியில் கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ விரித்து, அதற்குக் கீழே ஒரு காற்று இடைவெளி விட்டு உட்கூரை போடலாம். பஃப் பேனல் வேலையை எளிதாக்கும், வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும். என் தயக்கம் வேறு: இரண்டு தகட்டுக்கு நடுவே நுரையை ஒட்டிவிட்டால் ஆயுள் முடிந்த பிறகு இரும்பைத் தனியே பிரிப்பது பெரும்பாடு. நுரை நேரே குப்பைக்குத்தான் போகும். கழற்றிப் பிரிக்கக்கூடிய அடுக்குகளே எனக்குப் பிடிக்கும்.

மழை விழும் சத்தத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். அடியில் கம்பளி விரித்தால் சத்தமும் அடங்கிவிடும்.

படி 5: சட்டம், சாய்வு, ஸ்க்ரூ

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஷீட்டைப் பொறுத்தவரை ஆடியைவிடக் கார்த்திகைப் புயலுக்குத்தான் பயப்பட வேண்டும். இந்தியத் தர விதிகள் சென்னை, புதுச்சேரி உள்ளிட்ட கரையோரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று வைத்திருக்கின்றன. கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். கடலோரத்தில் இருப்பவர் கோவை உறவினர் வீட்டுச் சட்டத்தைப் பார்த்து அப்படியே போடக் கூடாது என்பது இதனால்தான்.

காற்று கூரையைக் கீழே அமுக்குவதில்லை, மேலே தூக்குகிறது. அதிலும் ஓரமும் மூலையும்தான் முதலில் பிய்யும். தானேயில் எங்கள் கூரை ஆரம்பித்தது தென்கிழக்கு மூலையில். அங்கே ஒரு ஷீட்டுக்கு இரண்டே ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். இப்போது நான் சொல்லும் ஏற்பாடு இது: ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் குழாய்களுக்கு நடுவே 4 அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். முகட்டிலும் இறவாரத்திலும் ஷீட் நெளிவின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ. நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு. சட்டத்தின் கால்கள் மாடிச் சுவரின் செங்கல்லில் நிற்காமல் கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ ஆங்கர் போல்ட்டால் பிடித்திருக்க வேண்டும். இதை மட்டுமாவது ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்க்ரூ மேட்டில்தான் போக வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். ரப்பர் வாஷர், வெயில் தாங்கும் செயற்கை ரப்பரான ஈ.பி.டி.எம். ரகமா என்று கேளுங்கள். சாதாரண ரப்பர் இரண்டு கோடையில் வெடித்துவிடும். வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது, தளர்வாகவும் விடக் கூடாது. 25 வருடம் தாங்கும் ஷீட்டில் 5 வருடம் தாங்கும் ஸ்க்ரூவைப் போட்டால் கூரையின் ஆயுள் 5 வருடம்தான். கடலோரத்தில் எஃகு ஷீட்டுக்குத் தடித்த பூச்சுள்ள ஸ்க்ரூ, அலுமினிய ஷீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ.

சாய்வு 10 அடிக்கு ஒரு அடியாவது இருக்கட்டும். ஷீட்டின் நீளத்தை வீட்டுக்கு ஏற்றபடி ஆலையிலேயே வெட்டி வாங்கினால் நடுவில் இணைப்பே வராது. ஒழுகலும் இல்லை, துண்டுக் கழிவும் இல்லை.

கூரை வேலை நடக்கும் நாளில் கட்டாயம் வீட்டில் இருங்கள். கிரைண்டர் மிஷினில் ஷீட்டை அறுக்கும்போது தெறிக்கும் சூடான இரும்புப் பொடி வண்ணத்தில் பதிந்து, முதல் மழையிலேயே செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். வெட்ட வேண்டியதைத் தகடு வெட்டும் கத்தரியாலோ நிப்ளர் கருவியாலோ வெட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ போட்ட இரும்புத்தூளை அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் உடனே உரியுங்கள். வெயிலில் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு வராது. ஷீட்டுகளை அடுக்கி வைத்திருக்கும்போது மழை நனைந்தால் நடுவில் வெள்ளைத் துரு பூக்கும். சாய்த்து வைத்து மூடுங்கள்.

படி 6: கட்டர்

யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதைப் பீலி என்று அழகாகச் சொல்வார்கள். இங்கே கடையில் கட்டர் என்றால்தான் புரியும். கூரைக்கு மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் கட்டரைக் கடைசி நாளில் வெல்டரிடம் 'ஏதாவது தகரத்தில் மடக்கிக் கொடுங்க' என்று விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் விட்டோம். கூரையையும் கட்டரையும் ஒரே பொருளாக நினைத்து, ஒரே நாளில் முடிவு செய்யுங்கள்.

முதலில் உலோகப் பொருத்தம். வண்ண ஷீட்டுக்கும் கால்வால்யூமுக்கும் கீழே ஜி.ஐ. கட்டர் வைக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஜி.ஐ. கூரையில் ஓடிவரும் தண்ணீரில் கொஞ்சம் துத்தநாகம் கரைந்திருக்கும். அது கீழே இருக்கும் ஜி.ஐ. கட்டரை அவ்வளவாகத் தின்னாது. வண்ணக் கூரையில் வழியும் மழைநீரில் எதுவும் கரைந்திருக்காது. அந்தத் தூய நீர் கட்டரில் இருக்கும் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் கூரை புதுசாக இருக்கும்போதே கட்டர் ஓட்டையாகிறது. கூரை எந்தப் பொருளோ அதே பொருளில் கட்டர், அல்லது அலுமினியக் கட்டர். இரண்டில் ஒன்று.

செம்பு எந்த வகையிலும் கிட்டே வரக் கூடாது. ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கூரைக்கு மேலே வைத்து, செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீரை ஷீட்டில் விழ விட்டால், சொட்டும் இடம் மட்டும் அரித்துப் போவதைப் பார்க்கலாம். தனிக் குழாய் வைத்து இறக்கிவிடுங்கள்.

இணைப்புகளை அடைக்கும் சிலிக்கானிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிழியும்போது வினிகர் வாடை அடித்தால் அது அமிலம் விடும் ரகம், தகட்டை அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டதை வாங்குங்கள்.

பி.வி.சி. கட்டரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் வெயிலில் முறுகி உடையும். உடைந்தால் அதை வாங்க ஆள் தேட வேண்டும். அலுமினியத் துண்டைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் கையில் காசு வைப்பார்கள். மறுசுழற்சி நிஜமாகவே நடப்பதற்கு நம் ஊரில் அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி அளவு. ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. கொட்டும் மழையை ஒரு 4 அங்குல இறக்குக் குழாய் ஏறத்தாழ 42 சதுர மீட்டர் கூரைக்குத் தாங்கும். 900 சதுர அடி என்பது 84 சதுர மீட்டர். ஆகவே இரண்டு குழாய் கட்டாயம், மூன்று வைத்தால் நிம்மதி. 4 அங்குலத்துக்குப் பதில் 3 அங்குலம் போட்டால் கொஞ்சம்தானே குறையும் என்று தோன்றும். பாதியாகக் குறைகிறது: 20 சதுர மீட்டர்தான். கட்டரின் வாய் 6 அங்குலமாவது இருக்கட்டும்.

கட்டருக்கு 10 அடிக்கு அரை அங்குலம் வாட்டம் (சரிவு) போதும். நூல் கட்டிப் பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கினால் தகடு அரிப்பதோடு டெங்கு கொசுவுக்கும் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தாங்கிகள் இரண்டு அடிக்கு ஒன்று. ஷீட்டின் நுனி கட்டருக்குள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டரின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட அரை அங்குலம் தாழ்வாக இருந்தால், அடைத்துக்கொண்ட நாளில்கூடத் தண்ணீர் வெளியே வழியும், சுவருக்குள் இறங்காது. 30 அடி அலுமினியக் கட்டர் இரவுக் குளிருக்கும் பகல் சூட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 8 மி.மீ. நீண்டு சுருங்கும். இரண்டு முனையையும் சுவரில் இறுக்கிவிட்டால் இணைப்பு பிளக்கும். ஒரு முனையையாவது சும்மா விடுங்கள்.

படி 7: தண்ணீரைப் பிடியுங்கள்

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்னும் இருக்கிறது, தண்ணீர்தான் போவதில்லை. தகடு கூரை இதற்கென்றே செய்தது போன்ற பரப்பு. விழுவதில் பெரும்பகுதி அப்படியே வழிந்துவிடும். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை. 900 சதுர அடிக் கூரையில், சிந்துவதும் ஆவியாவதும் கழித்தால், ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் எட்டு நடை! 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

கோடைக்குப் பிறகு வரும் முதல் மழை கூரையைக் கழுவும். தூசியும் பறவை எச்சமும் அதில் இருக்கும். முதல் ஒரு மி.மீ. மழையை ஒதுக்க வேண்டும் என்றால் 84 லிட்டரை வெளியே விட வேண்டும். பலர் மூன்றடி நீளக் குழாயில் மூடி போட்டு 'முதல் மழை ஒதுக்கி' என்று வைத்திருக்கிறார்கள். 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு பழைய 100 லிட்டர் டிரம்மை வைத்து, நிரம்பிய பிறகு தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்படி செய்துவிடுங்கள். டிரம்மின் அடியில் ஒரு குழாய் இருந்தால் அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும்.

அப்புறம் வடிகட்டி: ஜல்லி, மணல், கரி என்று அடுக்கிய தொட்டி. நிலத்தடித் தொட்டி நிரம்பினால் மிச்சம் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகட்டும். குடிக்கப் பயன்படுத்துவதானால் காய்ச்சுவதோ தகுந்த சுத்திகரிப்போ இல்லாமல் வேண்டாம். தண்ணீர் பிடிக்கும் கூரையில் பழைய ஈயப் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கி மீந்துபோன டப்பாவைத் திறக்காதீர்கள்.

பக்கத்தில் வேம்போ முருங்கையோ இருந்தால் கட்டருக்கு மேல் வலை போட்டாலும் பொடி இலை உள்ளே போகும். மரத்தை வெட்டாதீர்கள். கழற்றி மாட்டக்கூடிய வலையாகப் போட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை உதறுங்கள்.

படி 8: பழைய கூரையைக் கழற்றும்போது

பழையது இரும்பு என்றால் கவலையில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் நிதானமாகச் செய்யுங்கள். அதன் நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அடித்து உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, மேலே இருந்து தூக்கி எறியவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாகக் கையில் வாங்கி இறக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி வையுங்கள். வேலை செய்பவருக்குத் துணி முகமூடி போதாது. நுண்துகள் தடுக்கும் சுவாசக் கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அந்த ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆள் விழுந்துவிடுவார். பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். உடைத்துப் பள்ளம் நிரப்பவோ கோழிக் கூண்டுக்கு மூடவோ கொடுத்துவிடாமல், எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ கேளுங்கள்.

படி 9: சோலார் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்

சோலார் பலகை 25 வருடம் உழைக்கும். அதற்குக் கீழே 10 வருட ஷீட் இருந்தால் நடுவில் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட வேண்டிவரும். பலகையும் அதன் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ எடை கூடும். இதைச் சட்டம் அமைப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூரையின் பெரிய சரிவு தெற்கே பார்த்திருந்தால் நல்லது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு.

படி 10: போட்ட பிறகு

புரட்டாசியில் ஒரு நாள், ஐப்பசி மழைக்கு முன்னால், ஏணி வைத்து ஏறுங்கள். கட்டரை அள்ளிச் சுத்தம் செய்து, ஒரு வாளித் தண்ணீரை மேல் முனையில் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்கி, வெடித்த வாஷரை மாற்றுங்கள். கீறல் விழுந்த இடத்தில் அதே நிறுவனத்தின் வண்ணத்தைச் சின்னத் தூரிகையால் தொட்டு வையுங்கள். கீறலைத் தாண்டி அடித்துப் பெரிதாக்க வேண்டாம்.

கடலோரத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. மழை படாத இடத்தில்தான் உப்பு படிந்து முதலில் துரு பிடிக்கும்: இறவாரத்தின் அடிப்பக்கம், கட்டரின் வெளிப்புறம், சுவரோடு ஒட்டிய ஃபிளாஷிங். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கெல்லாம் நல்ல தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிக் கழுவுங்கள்.

வாங்கிய ரசீது, உத்தரவாதத் தாள், ஷீட்டின் அடிப்பக்கம் அச்சிட்டிருக்கும் எழுத்துகளின் புகைப்படம் மூன்றையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். முதல் பெருமழை வரும்போது குடையோடு வெளியே வந்து, கட்டர் எங்கே வழிகிறது, இறக்குக் குழாயில் சத்தம் எப்படி வருகிறது என்று கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஒழுகினால் அன்றே வேலைக்காரரைக் கூப்பிட்டு, மழை பெய்துகொண்டிருக்கும்போதே இடத்தைக் காட்டிவிடலாம்.